வாசலில் ஒரு வரவுத் தாளம்

மகன்,

நீ கொடுத்துவிட்ட ரேப் ரெக்கோடர் பத்திரமாக வந்து சேர்ந்தது. காத்தான்குடி றபீக் லீவில் வந்த மறுநாளே சைக்கிளில் கொண்டுவந்து தந்தான். வெளிநாட்டில் உன்னோடு ஒரே அறையில் இருப்பவனாம். நீ மெலிந்துவிட்டாயாம், சோறு ஆக்கப் பழகிவிட்டாயாம், எல்லாம் சொன்னான். அம்மா அவனை இலேசில் விடவில்லை. உன் குரல் மாறிவிட்டதா என்றுகூடக் கேட்டாள். அந்தப் பிள்ளை என்ன சொல்வான், சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான். கடிதம் வேண்டாம் அப்பா, கசற்றில் ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்புங்கள், உங்கள் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று நீ எழுதி வைத்திருந்த துண்டையும் படித்தேன். பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் முழுக்க இல்லை. றபீக் திரும்பி வரும்போது கசற்றையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே கொண்டுவருவான். முதலில் கடிதத்தை வாசி.

தொண்டை கட்டியிருக்கிறது என்று போன முறை எழுதியிருந்தேன் அல்லவா, அது சளித் தடிமன் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், அதிமதுரம் கடித்தேன், யார் யாரோ சொன்ன எண்ணெயெல்லாம் பூசினேன். கடைசியில் இங்குள்ள டொக்டர் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள், ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். குரல்வளையில் புற்று. அதை வெட்டி எடுத்தால் ஆள் தப்பலாம், விட்டால் தப்ப வழியில்லை. கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்களாம், மூச்சு அந்த வழியால் போய்வருமாம். பேச்சு வராதா ஐயா என்று கேட்டேன். வராது என்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நீ இதை வாசிக்கும்போது வெட்டு முடிந்திருக்கும். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே, வந்தால் எனக்குக் கோபம் வரும். ஏசுவதற்கு வாய் இருக்காது, அவ்வளவுதான்.

சிரிக்கத்தான் எழுதினேன், எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? சாவுக்கு நான் பயப்படவில்லை. புளியந்தீவு மேடைகளில் செத்துச் செத்துப் பழகியவன் நான். இரண்டாம் காட்சியில் சாகிற மந்திரி, கதாநாயகியின் கலியாணத்துக்கு முன்னம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற தகப்பன், காட்டிக்கொடுத்துவிட்டுச் சாகிற காவல்காரன், எல்லாம் நான்தான். எனக்கு நெஞ்சு வெடிப்பது உன் அம்மாவை நினைத்துத்தான். கண் தெரியாதவளுக்குப் புருஷன் என்பவன் ஒரு குரல். அந்தக் குரலை வெட்டி எடுத்துவிட்டு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் அவளுக்கு யார் வந்து சேருவார்? ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்தபோது இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டொக்டரிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

நீ பிறக்க முந்திய கதை ஒன்றைச் சொல்கிறேன். வவுணதீவுப் பக்கத்தில் எங்கள் ஊரில் கூத்துப் பழகத் தொடங்கிய வருஷம், சட்டம் கொடுக்கிற நாள். இன்னாருக்கு இன்ன வேஷம் என்று, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பேர் சொல்லி, வெற்றிலையோடு பாட்டு ஏட்டைக் கையில் கொடுக்கிற நாள் அது. நான் ராசா வேஷத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். வீட்டில் சுளகைத் தலையில் கவிழ்த்து முடியென்று வைத்துப் பார்த்தவன் நான். அண்ணாவியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மனே, உனக்குக் குரல் ராசாட குரல்தான். ஆள்தான் உயரம் காணாது. கட்டியகாரனுக்கு ஆடு" என்றார். ராசா வருகிறார், வழி விடுங்கள் என்று கட்டியம் கூறுகிற வேஷம். ஏட்டை வாங்கிக்கொண்டு, வீட்டில் போய் ஒரு மூச்சு அழுதேன். அதற்குப் பிறகு மேடை என்றும் படம் என்றும் எத்தனை வேஷம் கிடைத்தாலும், காணாது என்ற அந்த ஒரு சொல்தான் என் தலையெழுத்தாகிவிட்டது.

அந்தக் கூத்தைப் பார்க்க ஆற்றுக்கு இக்கரையிலிருந்து தோணியில் வந்த பெண்களோடு உன் அம்மாவும் வந்திருந்தாள். பெண்கள் பாய் போட்டு இருந்த இடம், கூத்து ஆடுகிற களரிக்குத் தூரம். முன்னால் ஆட்களின் தலை மறைத்ததால் அவளுக்கு ராசாவும் தெரியவில்லை, கட்டியகாரனும் தெரியவில்லை. கூத்தில் ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு வரவுத் தாளம் உண்டு. மத்தளத்தில் அது விழுந்ததும், பின்பாட்டுப் பாடுகிற சபையோர் வரவுப் பாட்டை எடுத்ததும், வருவது யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவள் என் தாளத்தைக் கேட்டாள், பிறகு என் குரலைக் கேட்டாள். கலியாணம் பேசியபோது, ஆளைப் பார்க்க வேணாமா என்று அவளுடைய தாய் கேட்டதற்கு, கேட்டது போதும் என்றாளாம். அந்தக் காலத்தில் அவளுக்கு ஊசிக்கு நூல் கோர்க்கிற கண். அப்போதே அப்படி.

நம் வழக்கப்படி நான் அவள் வீட்டுக்கு வந்து குடியிருந்தேன். அரசாங்கக் கச்சேரியில் பியோன் வேலை கிடைத்தது. பகலில் பைல் தூக்குகிற துணைப் பாத்திரம், பின்னேரத்தில் பாடசாலை மண்டபங்களில் கோட் போட்ட நாடகங்களில் துணைப் பாத்திரம். கதாநாயகன் நீளமாகப் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்பதுதான் என் தொழில் என்று ஆகிவிட்டது. அது சும்மா நிற்கிற வேலை இல்லை மகன். நான் காது கொடுத்துக் கேட்டால்தான் சனம் கேட்கும், நான் கொட்டாவி விட்டால் மண்டபமே கொட்டாவி விடும். நீயும் ஒரு நாள் ஒருத்தியின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பாய். பேசத் தெரிந்த மாப்பிள்ளை என்று பேர் எடுப்பது சுகம். அவள் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவன் என்று பேர் எடு. எனக்குத் தெரிந்த தொழில் அதுதான், அதைத்தான் உனக்குத் தர முடியும்.

உனக்குப் பால்பல் விழுகிற காலத்தில் அம்மாவின் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. அடுப்படியில் சுட்டுக்கொண்டாள், கிணற்றுக் கட்டில் மோதினாள், கண்ணாடி வாங்கினால் சரி என்றிருந்தோம். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்றார்கள். இரண்டு வருஷத்துக்குள் முழுக்க இருட்டு. அவள் அழுததை நீ கண்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியாமலும்தான் அழுதாள். நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். வேலிக் கடப்பைத் திறக்கும்போதே பேசத் தொடங்குவேன். சந்தையில் என்ன மீன் வந்தது, கச்சேரியில் யார் யாருக்கு ஏசினார்கள், பாலத்தில் எவன் சைக்கிளோடு விழுந்தான் என்று பேசிக்கொண்டே குசினிக்குள் நுழைவேன். நாடகம் ஆடிவிட்டு வந்தால் முழு நாடகத்தையும் அவளுக்கு மறுபடி ஆடிக் காட்டுவேன், எல்லா வேஷமும் நானே. மேடையில் கிடைக்காத ராசா வேஷம் எல்லாம் எனக்கு நம் குசினியில்தான் கிடைத்தது. நீ வாசலில் குந்திக்கொண்டு கை தட்டுவாய், அம்மா அம்மியில் இருந்தபடியே, ராசாவுக்குச் சளி பிடிச்சிருக்கு என்று பகிடி பண்ணுவாள்.

பிறகுதான் அந்தப் படம் வந்தது. கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்தவர்கள் ஆற்றங்கரையில் ஒரு வயதான தோணிக்காரன் வேண்டும் என்று தேடினார்கள், யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள். ஊரை விட்டுப் போகிற கதாநாயகனை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிற காட்சி. நான் இரண்டு வரி பேச வேண்டும். அவர்கள் எழுதித் தந்ததை நான் நம் பேச்சில் மாற்றிப் பேசினேன், டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மைக் எங்கே என்று தேடினேன், காணவில்லை. தோணிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டி, தோணியின் அடியைப் பார்த்துக் குனிந்து, களரியில் குரல் எடுக்கிற மாதிரி எடுத்துப் பேசினேன். பக்கத்துக் கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கமெராவுக்குக் கண் மட்டும்தான், காது இல்லை, பேச்சை வேறு இடத்தில் வைத்துப் பிறகுதான் சேர்ப்பார்கள் என்று கூத்தாடி வளர்ந்த எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே வீட்டுக்கு வந்து அம்மாவிடம், தியேட்டரில் என் குரல் நாலு பக்கமும் அதிரும், கேட்டுப் பார் என்று பெருமை அடித்தேன். அந்த வரியை மட்டும் சொல்லமாட்டேன், தியேட்டரில்தான் கேட்க வேண்டும் என்று பிகு பண்ணினேன்.

படம் புளியந்தீவுக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா கூறைச் சேலையை எடுத்து உடுத்தாள். கண் தெரியாதவளுக்குப் படம் என்னத்துக்கு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள், அவள் காதில் விழுந்தும் விழாதவள் போல நடந்தாள். உன்னை நடுவில் இருத்தினோம், மீசை அரும்பாத வயது உனக்கு. பாதிப் படத்தில் ஆறு வந்தது, தோணி வந்தது, தோணியில் நான். நம் ஊர்ப் பொடியன்கள் விசில் அடித்தார்கள். நான் வாய் திறந்தேன். என் வாயிலிருந்து இன்னொருவன் பேசினான், மழுமழுவென்று, நம் பேச்சே இல்லை, கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தமிழ். அம்மா இருந்த இடத்தில் முன்னால் சரிந்து, காதைத் திருப்பி, கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ அவள் கையைப் பிடித்துச் சொன்னாய்.

"அம்மா, அப்பா கதைக்கிறார்."

"இது உங்கட அப்பா இல்ல மனே. இன்னும் வரல்ல. பொறு" என்றாள்.

படம் முடிந்து விளக்குப் போடும்வரை பொறுத்திருந்தாள். வேறொரு காட்சியில் வருவேன் என்று நினைத்தாள், பாவி நான் பக்கத்தில் கல் மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றிய பிறகு, "அந்தத் தோணிக்காரன் என்ன சொன்னான், நீங்க ஒருக்காச் சொல்லுங்களன்" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை, ஆனால் விழுந்தது அவள் மேல்தான். போய்ப் படு என்று ஏசினேன். அவள் பிறகு அதைக் கேட்கவே இல்லை. நீ கொழும்பு ரயிலில் ஏறிய நாளில் அந்த வரி என் நாக்கு நுனிவரை வந்தது, அன்றும் விழுங்கிவிட்டேன். சொல்ல வேண்டிய சொல்லை நல்ல இடத்தில் சொல்லலாம் என்று சேர்த்து வைக்காதே மகன். நான் வைத்தேன், இப்போது தொண்டையைத் தறிக்கப் போகிறார்கள்.

கொழும்பிலிருந்து வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன். அவளே கண்டுபிடித்துவிட்டாள். கடப்பில் நான் பேசாமல் வந்த முதல் நாளே, என்னவோ இருக்கு, ஒளிக்காமச் சொல்லுங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். பிறகு என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், எந்த இடம் என்று கேட்டாள், அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, உசிர் இருந்தால் போதும் என்றாள். ஆனால் அன்று சோறு தின்னவில்லை.

உன் ரெக்கோடர் வந்தபோது எனக்குக் கடவுள் கொடுத்த மாதிரி இருந்தது. எல்லாக் கசற்றிலும் பேசி நிரப்பி வைத்தால் அவள் வேண்டியபோது போட்டுக் கேட்கலாம், சந்தைக் கதை, நாடகக் கதை, எல்லாம் என்று சொன்னேன். அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"எனக்கு அந்தப் பெட்டி வேணாம். நீங்க உசிரோட பக்கத்தில இரிக்கக்குள்ள, செத்த ஆள்ட குரலக் கேக்கிற மாதிரிக் கேக்க ஏலாது" என்றாள். "தியேட்டர்ல ஆள் இருந்திச்சு, குரல் இல்ல. அந்த ஒருநாள் போதும் எனக்கு."

நான் வாதாடவில்லை. உனக்கென்று மட்டும் பேசி அனுப்புகிறேன் என்றேன், சரி என்றாள். ரெக்கோடரை மேசையில் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பக்கம் முழுக்கப் பேச நினைத்தவனுக்கு வாய் வரவில்லை. கசற் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தத் தோணிக்காரனின் வரியைச் சொன்னேன், தம்பி என்றிருந்ததை மாற்றி. "மகன், அக்கரைக்குப் போனா திரும்பிப் பாராம நட. நீ மறுகா வாறவரைக்கும் என்ட தோணி இந்தக் கரையிலதான் நிக்கும்." குரல் கரகரத்துப் பாதியில் உடைந்தது, படத்துக்கு எடுபடாது. பொத்தானை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினால் அம்மா கதவோடு சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள். இதத்தான் அண்டைக்கு என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சத்தம் போட்டு அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தக் கசற்தான் உன் கையில் இருக்கிறது. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராதே, உன்னிடமே இருக்கட்டும்.

மறுநாள் காலையில் அவள்தான் சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போக முதல் ஒருநாள் அடுக்குப் பார்ப்போம் என்று. கூத்துக்கு ஒத்திகை பார்ப்பதை அடுக்கு என்போம், உனக்குத் தெரியும். பேச்சே இல்லாமல் ஒருநாள் இருந்து பழகுவோம் என்கிறாள். காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டேன். அவள் கேட்பதற்கு ஓம் என்றால் கையில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. சமாளித்துவிடலாம் போலத்தான் இருந்தது. மத்தியானம் கிணற்றடியில் குளித்துவிட்டுப் பின்கதவால் உள்ளே வந்தேன். அவள் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும், "ஆரது?" என்றாள். நான் பேசவில்லை. "ஆரது எண்டு கேக்கிறன், வாயில என்ன?" என்று கை நீட்டித் தடியைத் தேடினாள். முகத்தில் பயம். என்னைக் கண்டு, என் வீட்டுக்குள், என் பெண்சாதிக்குப் பயம். மகன், எந்த மேடையிலும் எனக்கு நெஞ்சு அப்படி வலித்ததில்லை. அடுக்காவது மண்ணாங்கட்டியாவது, நான்தான் புள்ள என்று கத்தியிருப்பேன். ஆனால் அடுத்த கிழமை கத்த முடியாதே.

நான் பின்வாங்கி வாசலுக்கு வெளியே போனேன். கதவு நிலையில் விரலால் தட்டினேன். என் வரவுத் தாளம், கட்டியகாரனுடைய தாளம், அண்ணாவியார் மத்தளத்தில் வாசித்த அதே நடை. எத்தனை வருஷமாயிற்று, கை மறக்கவில்லை. முதல் சுற்றுக்கு அவள் அசையவில்லை. இரண்டாம் சுற்றில் தடியைக் கீழே வைத்தாள். தலையைச் சரித்து, காதைத் திருப்பி, தியேட்டரில் இருந்த அதே மாதிரி.

நீ வருகிற நாளில் கடப்பிலேயே நின்று, அம்மா என்று உரக்கக் கூப்பிடு. இந்த வீட்டில் ஒரு ஆண் குரல் கேட்டுக் கனநாளாகியிருக்கும். கூப்பிட்டுவிட்டு என்னையும் பார், நான் கேட்டுக்கொண்டுதான் நிற்பேன், கேட்பதுதானே என் தொழில்.

அன்றைய மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். வரவு பாடாமல் களரிக்குள் கால் வைக்கக் கூடாது, அது கூத்தின் கட்டுப்பாடு. அதனால் தட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன், மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று. நம் பக்கத்தில் பெண்கள் கூத்துப் பாடுவதில்லை. உன் அம்மா ஒரு தாலாட்டைத் தவிர எதையும் பாடி நான் கேட்டதில்லை. அவள் சுளகை ஓரமாக வைத்தாள், தொண்டையைச் செருமினாள், சபையோர் பாட வேண்டிய கட்டியகாரன் வரவை, முதல் அடியிலிருந்து, சுருதி பிசகி, ஒரு சொல் விடாமல் பாடத் தொடங்கினாள். நான் வலது காலை எடுத்து வைத்து ஆடிக்கொண்டே உள்ளே போனேன்.

உன் அப்பா